ஜனவரித் தாள்

ராய்ஸ் லின்ட்வால் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி வாசல் விரிப்பின் மேல் ஜோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு சமையலறைக்குள் வந்தான். நோரீன் ஹாக்ஸ்டாட் வீட்டில் அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கதவு இறுகும், எந்த நாற்காலி ஆடும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆடாத நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"மாவட்ட வாரியத் தலைவர் வந்திருக்கார். எந்திரிச்சு நில்லுடி கிழவி" என்றார் நோரீனின் கணவர் வெர்ன், கூடத்துச் சாய்வு நாற்காலியிலிருந்து. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். முப்பத்தோரு வருடம் தானியக் களஞ்சியத்தில் தூசியைத் தின்ற நுரையீரல் அவருடையது. ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு மூச்சு இழுக்க வேண்டும். கேலி என்றால் மட்டும் மூச்சை எப்படியோ சேர்த்து வைத்திருப்பார்.

"நீங்க முதல்ல நில்லுங்க வெர்ன். அப்புறம் அவங்க நிக்கட்டும்" என்றான் ராய்ஸ்.

"நான் நின்னா இந்த மெஷினும் எந்திரிச்சு நிக்கணும். அதுக்கு வயசாயிடுச்சு."

நோரீன் சிரித்துக்கொண்டே எலுமிச்சை கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். கிராண்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்திரண்டு வருடம் பரிமாறிய கை. ராய்ஸ் ஏழு வயதில் தட்டை நீட்டியபோதும் இதே கைதான் அவனுக்குக் கொஞ்சம் அதிகமாக வைத்தது. இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு.

"நோரீன், ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்றான் அவன். "இந்த மாசம் பின்வரிசைக்கு யாரும் வர வேண்டாம். எல்லாரும் கதவு தட்டப் போங்க. பிப்ரவரி மூணாம் தேதி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற கட்சிக் கூட்டம். இந்தத் தடவை நம்ம ஆள் ஜெயிக்கப் போறார். வாரியத்துல நான் இருக்கேன். அந்த ஜனவரித் தாள் என் பொறுப்பு."

பின்வரிசை என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். பெயர் வந்த கதை சின்னதுதான். நான்கு வருடங்களுக்கு முன்னால் அயோவா முழுக்க ஜனாதிபதித் தேர்தல் ஜுரம் அடித்தபோது, கிராண்டனில் மூடிக்கிடந்த செருப்புக் கடையை வாடகைக்கு எடுத்துப் பிரசார அலுவலகம் திறந்தார்கள். எங்கெங்கிருந்தோ இளம்பிள்ளைகள் வந்தார்கள். ஊரில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாதவர்கள் எல்லாம் அந்தக் கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொலைபேசி செய்தார்கள். கட்சிக் கூட்டம் முடிந்த மறுநாளே அந்தப் பிள்ளைகள் கணினிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். கோடையில் அவர்கள் வேட்பாளரும் தோற்றார். காலியான செருப்புக் கடையில் நாற்பது பேர் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றபோது நோரீன்தான் வாயைத் திறந்தாள். "இங்க நின்னு அழுது என்ன பண்ண? கோர்ட்டுக் கட்டடத்துல செவ்வாய்க்கிழமை காலைல ஒம்பது மணிக்கு மாவட்ட வாரியக்காரங்க மூணு பேர் உக்காந்து நம்ம ரோடு, நம்ம தண்ணி, நம்ம காத்து எல்லாத்தையும் முடிவு பண்றாங்க. பார்க்க ஒரு ஆள் கிடையாது. போய் உக்காருவோம். உக்காந்தா போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் இரண்டு பேராவது போய் அந்த அறையின் கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யார், எந்த வாரம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பேச நேரம் கொடுத்தால் எழுந்து பேசினார்கள். கொடுக்காவிட்டால் குறிப்பேட்டில் எழுதினார்கள். யாரோ எழுதுகிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் நேராக உட்காருவார்கள். அது ஒரு பெரிய சக்தி என்று அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த மாநிலத்தில் பன்றிக் கொட்டகை கட்ட அனுமதி கொடுப்பது தலைநகரில் இருக்கும் அரசு. மாவட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லத்தான் உரிமை. வீடு எத்தனை அடி தள்ளி, கிணறு எத்தனை அடி தள்ளி என்று பார்த்து மதிப்பெண் போட்டு, வேண்டாம் என்று எழுதி அனுப்பலாம். அந்த உரிமையும் தானாக வராது. வருடா வருடம் ஜனவரி முடிவதற்குள் வாரியம் ஒரு பக்கத் தீர்மானம் போட்டு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த ஜனவரி வரைக்கும் மாவட்டத்துக்கு வாய் கிடையாது. இதுதான் ஜனவரித் தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் நோரீன் வீட்டுக்கு மேற்கே, சோளக்காட்டைத் தாண்டி, ஒரு கம்பெனி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பன்றிகளுக்குக் கொட்டகை கட்ட வந்தது. பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. மதிப்பெண் போதவில்லை என்று வாரியம் எழுதி அனுப்பியது. கம்பெனி திரும்பிப் போனது, நிலத்தை மட்டும் விற்கவில்லை. மேல்காற்று அடித்தால் அந்த நாற்றமும் அமோனியாவும் நேராக வெர்னின் ஜன்னலுக்குத்தான் வரும். "கொட்டகை வந்தால் அவர் இங்கே இருக்க முடியாது" என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் ராய்ஸை வாரியத்துக்கு நிறுத்தினார்கள். இன்சூரன்ஸ் அலுவலகம் வைத்திருந்தான், நன்றாகப் பேசுவான், செருப்புக் கடை நாளிலிருந்து கூடவே இருந்தவன். நோரீன் அறுநூறு கதவு தட்டினாள். "இந்தப் பையனுக்கு நான் சோறு போட்டிருக்கேன். எனக்குத் தெரியும் அவனை" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அறுபத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். மூன்று பேருக்குள் தலைவர் பதவி வருடத்துக்கு ஒருவராகச் சுற்றிவரும். இந்த வருடம் அவன் முறை. எந்த விஷயம் மேஜைக்கு வரும், எது வராது என்று முடிவு செய்வது தலைவர்தான். வந்துவிட்டால் அந்தத் தாளை ஊர் பார்க்க எதிர்க்க மற்ற இரண்டு பேருக்கும் துணிச்சல் கிடையாது.

அதனால் நோரீனுக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. "அப்போ சரி" என்றாள். "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?"

"வைங்க" என்றான் ராய்ஸ்.

*

ஜனவரி முழுக்க அவள் கதவு தட்டினாள். பள்ளிக்கூடம் விட்டதும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். ஒவ்வொரு வாசலிலும் கையுறையைக் கழற்றிப் பட்டியலில் குறிக்க வேண்டும், திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் உடம்பில் பத்து வயது குறைந்ததுபோல இருந்தது. இந்தத் தடவை வந்திருந்த பிரசார அலுவலகத்துப் பிள்ளைகள் அவளை "நம்ம கேப்டன்" என்று கூப்பிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிற பெரிய விஷயம் தன் கையால் நடக்கிறது என்ற எண்ணம், வயசானவர்களையும் விடாது.

எல்வியா மட்டும்தான் கேட்டாள். எல்வியா மோரென்டே இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவள். ஊரோரம் டிரெய்லர்களையே வீடாக்கிய வண்டி வீடுகள் வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். காலை வேளை ஓய்வு என்பதால் பின்வரிசையில் அதிகம் உட்கார்ந்தவள் அவள்தான். வேலை முடிந்து நேராக வந்து உட்காருவாள். ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றியிருக்க மாட்டாள்.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, நோரீன்" என்றாள் தொலைபேசியில். "நான் போய் உக்காந்துட்டு வரட்டா? எனக்கு எப்படியும் தூக்கம் வராது."

"வேணாம் எல்வியா. ராய்ஸ் பாத்துக்கறேன்னான். நீ தூங்கு. சாயங்காலம் உங்க வரிசையில எட்டு வீடு பாக்கி இருக்கு. ஸ்பானிஷ்ல பேச ஆள் வேணும்."

"அவன் பாத்துக்கறான் சரி. அவனை யார் பாத்துக்கறது?"

"போடி. ஏழு வயசுலேர்ந்து நான் பாத்துக்கறேன்."

"நீ சொன்னா சரிதான்" என்றாள் எல்வியா. சாயங்காலம் எட்டு வீட்டையும் முடித்துவிட்டுச் செய்தியும் அனுப்பினாள்.

மாதக் கடைசிச் செவ்வாயன்று நோரீன் கோர்ட்டுக் கட்டடத்தைத் தாண்டித்தான் காரில் போனாள். பனியால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட நாள். ஒன்பதடிக்க ஐந்து நிமிடம். மேல்மாடியில் அந்த அறையின் விளக்கு எரிந்தது. பிரேக்கில் கால் வைத்தாள்தான். பக்கத்து இருக்கையில் நாற்பது முகவரிகள் கொண்ட பட்டியல் கிடந்தது. மதியத்துக்குள் முடித்துத் தருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். காலை எடுத்தாள். கார் நகர்ந்தது.

*

அங்கே கட்சிக்காரர்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பெட்டியில் சீட்டுப் போட்டு அல்ல. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். போதிய தலைகள் இல்லாத மூலைக்காரர்கள் வேறு மூலைக்குப் போகலாம். அவர்களை இழுக்க மற்றவர்கள் ஓடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்து இழுக்கிற வைபவம்.

"ஹெர்பர்ட், அங்க நின்னு என்ன பண்றே? உங்க மூலையில ஆறு பேர்தான். இங்க வா, குக்கீ இருக்கு!"

"குக்கீக்கு விலை போற ஆளா நான்?"

"போன தடவை போனியே!"

நோரீனின் மூலைதான் நிரம்பி வழிந்தது. நூற்றுப் பத்தொன்பது தலை. எண்ணிக்கையைச் சொன்னதும் எழுந்த கூச்சலில் மேல் விட்டம் அதிர்ந்தது. எல்வியா அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ராய்ஸ் கையில் ஒரு அட்டையும் அதில் செருகிய தாளுமாக வந்தான். முகம் சிவந்திருந்தது.

"நோரீன், உங்ககிட்டதான் முதல்ல. மாநிலச் சட்டசபைக்கு நிக்கப் போறேன். இப்போ இருக்கற ஆள் ஓய்வு வாங்கறாரு. தலைநகர்லேர்ந்து கட்சிக்காரங்க கேட்டாங்க. மனுவுக்குக் கையெழுத்து வேணும். முதல் பேர் உங்களோடதா இருக்கணும்."

அந்தக் கூட்டங்களில் இப்படிக் கையெழுத்துத் தாள்கள் சுற்றுவது வழக்கம்தான். நோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. செருப்புக் கடையில் அழுத நாற்பது பேரில் ஒருவன் சட்டசபைக்கா! பேனாவை வாங்கி முதல் வரியில் பெயர், முகவரி, தேதி எல்லாம் தெளிவாக எழுதினாள். அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான். "உங்க சோறுதான் இது" என்றான்.

*

மறுநாள் செவ்வாய். பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நோரீன் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் போனாள். ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய இடத்தில் உட்கார வேண்டும், ராய்ஸைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. வழியில் பதிவு அலுவலகத்தில் எட்டிப் பார்த்தாள். ஆர்லிஸ் என்கிற எழுத்தர் அங்கே பத்தொன்பது வருடமாக இருக்கிறவள். வாரியத்தின் தாள்கள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் தலைநகருக்குப் போகும்.

"ஜெயிச்சுட்டீங்களாமே" என்றாள் ஆர்லிஸ். அவள் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் விடமாட்டாள்.

"நூத்திப் பத்தொன்பது! சரி, அந்த ஜனவரித் தாளோட நகல் ஒண்ணு குடு. எங்க கோப்புல வைக்கணும். வருஷா வருஷம் வாங்கறதுதானே."

ஆர்லிஸ் கணினியைப் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கமும் திரும்பவில்லை. மேஜை மேல் இருந்த கிளிப்புகளை ஒன்றோடொன்று கோக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நான் டிசம்பர்லயே தட்டச்சு பண்ணி ராய்ஸோட மேஜைத் தட்டுல வச்சுட்டேன், நோரீன். முதல் செவ்வாய் கூட்டத்துக்கு அது வரல. ரெண்டாவது செவ்வாயும் வரல. மூணாவதுக்கு நானே கேட்டேன். 'பாக்கலாம்'னார். நாலாவது வாரம் அந்தத் தாளே தட்டுல இல்ல. சரி, பின்வரிசைக்காரங்களே வரலியே, நீங்களும் அவரும் பேசி ஏதோ முடிவு பண்ணியிருக்கீங்கன்னு நான்..." கிளிப்புச் சங்கிலி அறுந்து சிதறியது. "முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் நாலரை வரைக்கும் காத்திருந்தேன். தபால் போகிற நேரம் வரைக்கும்."

நோரீன் நின்றுகொண்டே இருந்தாள். முதலில் அவளுக்குத் தோன்றியது ஒரு அசட்டு எண்ணம். இன்றைக்குத் தேதி நாலுதானே, நாலு நாள்தானே, ஓடிப்போய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

"மாட்டாங்க" என்றாள் ஆர்லிஸ், அவள் கேட்காமலே. குரலைத் தாழ்த்தினாள். "நேத்து காலைல கம்பெனி மனு வந்துடுச்சு. உங்க மேற்குப் பக்கத்து நிலம்தான். தேதி மூணு. ஒரு நாள்கூட வீணாக்கல."

*

கூட்டத்தில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். சரளைக் கல் டெண்டரும் ஒரு பாலத்துப் பெயிண்டும் பேசப்பட்டன. ராய்ஸ் ஒருமுறைகூடக் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. முடிந்து மற்ற இருவரும் போன பிறகு, அவள் எழுந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மறந்துட்டேன்னு சொல்லு ராய்ஸ்."

அவன் தாள்களை அடுக்கினான்.

"தேர்தல் வேலை, தலைக்கு மேல வேலை, மறந்துட்டேன்னு சொல்லு. நான் நம்பிக்கறேன். நாலு பேர்கிட்ட நானே சொல்றேன், பாவம், பையன் மறந்துட்டான்னு."

"மறக்கல" என்றான் ராய்ஸ்.

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று பின்னோக்கி வந்தது. அதன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உக்காருங்க நோரீன்."

"நிக்கறேன்."

"கேளுங்க. நவம்பர்ல கட்சிக்காரங்க வந்தாங்க. சட்டசபைக்கு நான் நின்னா பணம், ஆள் எல்லாம் குடுக்கறோம்னாங்க. ஆனா இந்தத் தொகுதில பன்றிப் பண்ணைக்காரங்க விரோதம் இருந்தா நம்ம கட்சில ஒரு புது ஆள் ஜெயிக்கவே முடியாது. ஒரு வருஷம் அந்தப் பேச்சே வேணாம்னாங்க. ஓட்டுப் போட்டு எதிர்க்கச் சொல்லல. சும்மா இருன்னாங்க. அவ்வளவுதான். அங்க போனா சட்டத்தையே மாத்தலாம் நோரீன். இந்த ஒரு மாவட்டத்துக்கு ஒரு தாள் இல்ல, மாநிலம் முழுக்க. நீங்கதானே சொன்னீங்க, பெரிசா யோசிக்கணும்னு?"

"நான் ஒருநாளும் அப்படிச் சொல்லல. செவ்வாய்க்கிழமை வந்து உக்காருங்கன்னுதான் சொன்னேன்."

அவன் கண்களைத் தேய்த்தான். "வெர்னுக்கு நல்ல காத்துச் சுத்திகரிப்பு மெஷின் இருக்கு. ஆஸ்பத்திரில வைக்கற மாதிரி. நான் வாங்கித் தரேன். ரெண்டு வாங்கித் தரேன்."

நோரீனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் மெய்யாகவே அதை நல்ல எண்ணத்தில் சொல்கிறான் என்பது தெரிந்தது.

"எங்களை ஏன் வர வேணாம்னே?" என்றாள்.

அவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்கள்ல ஒருத்தர் அங்க உக்காந்திருந்தா என்னால முடிஞ்சிருக்காது. எல்வியா அந்த பூட்ஸோட உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பா. அவ எந்திரிச்சு 'தாள் எங்க'ன்னு கேட்டிருந்தா, எடுத்து மேஜைல வச்சிருப்பேன். சத்தியமா வச்சிருப்பேன். நாலு வாரமும் கதவு திறக்கறப்பல்லாம் யாராவது வந்துடுவீங்கன்னு பாத்தேன். வரல. கடைசி வாரம் உங்க கார் கீழ நின்னுச்சு. பாத்தேன். அப்புறம் போயிடுச்சு."

நோரீன் பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து நான் போட்ட கையெழுத்து. அந்தத் தாளைக் குடு. என் பேரை அடிக்கணும்."

"நோரீன், முதல் பேர் அது. அதை அடிச்சா கீழ இருக்கற எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"அது என்கிட்ட இல்ல. நேத்தே தலைநகருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான். அந்த ஒரு தாள் மட்டும் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நோரீன் நினைத்துக்கொண்டாள்.

*

வெர்னிடம் மதியச் சூப்புக்குப் பிறகு சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முழுக்கச் சொல்லவிட்டார்.

"பன்றிக்கு இந்த மாநிலத்துல ஓட்டு உண்டா?" என்றார்.

"கிடையாது."

"பின்ன அவன் ஏன் அதுங்களுக்காக உழைக்கறான்?" இரண்டு மூச்சு இழுத்தார். சிரிக்க முயன்றார், இருமலாகிவிட்டது. அடங்கியதும் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ அழாதே. நானும் அவனை நம்பினேன்ல."

"நான் கார்ல அந்த வாசல்ல நின்னேன் வெர்ன். மேல ஏறல."

"உன்னைக் கேப்டன்னு கூப்பிட்டாங்க. எந்தக் கேப்டன் மாடிப்படி ஏறுவான்?" என்றார் அவர். கேலிதான். ஆனால் ஒருமுறைகூட அவர் அதை மறுக்கவில்லை, உன் தப்பில்லை என்று சொல்லவும் இல்லை. நாற்பது வருடத் துணை. பொய் சொல்லி ஆற்றும் பழக்கம் அவர்களுக்குள் கிடையாது.

எல்வியாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வண்டி வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று சொன்னாள். எல்வியா திட்டவில்லை. "தூங்குன்னு சொன்னே. தூங்கிட்டேன்" என்றாள். பிறகு உள்ளே போய்க் காபி போட்டாள்.

விஷயத்தைச் சொல்லப் பின்வரிசையைக் கூட்டினாள். நாற்பது பேருக்குச் சொல்லி அனுப்பியதில் ஐந்து பேர் வந்தார்கள். மற்றவர்கள் ராய்ஸுக்குப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒரு தாளுக்காக நம்ம பையனைக் கவுக்கறதா?" என்று இருவர் நேரடியாகவே கேட்டார்கள். ஒருத்தி, நோரீனோடு நான்கு வருடம் ஒரே காரில் கதவு தட்டப் போனவள், கடையில் அவளைப் பார்த்ததும் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். வந்த ஐந்து பேரும் சேர்ந்து ராய்ஸ் விடப்போகும் வாரிய இடத்துக்கு எல்வியாவை நிறுத்தினார்கள். கட்சி அலுவலகம் வாழ்த்துச் சொன்னது. வேறு எதுவும் தரவில்லை.

மே மாதத்தில் கான்கிரீட் ஊற்றினார்கள். ஜூலையில் பன்றிகள் வந்தன, நீளமான லாரிகளில், மூன்று நாள் தொடர்ந்து. நான்காம் நாள் பெரிய விசிறிகளை ஓடவிட்டார்கள். அன்று மேல்காற்று. நோரீன் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் ஈரத் துணி திணித்தாள். ராய்ஸ் அனுப்பிய இரண்டு இயந்திரங்களும் வாசலிலேயே பெட்டி பிரிக்காமல் கிடந்தன. விசிறி ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் வெர்ன், "போதும். அதைப் பிரி" என்றார். பிரித்து மாட்டினாள். போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் மிசூரியிலிருந்து வந்து அவரையும் ஆக்ஸிஜன் இயந்திரத்தையும் சாய்வு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனாள். நோரீனுக்கு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பரிமாற வேண்டியிருந்தது. வீட்டை வாங்கவும் யாரும் முன்வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. கணீரென்ற இளம் பெண் குரல்.

"நோரீன் ஹாக்ஸ்டாட் தானே? ஜனாதிபதி பிரசாரத்துலேர்ந்து பேசறேன்ங்க. உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. இந்த மாவட்டத்துலயே உங்களை மாதிரி ஆள் கிடையாதாமே! நவம்பர் வரைக்கும் எங்க பசங்க சில பேர் தங்க இடம் தேடறோம். உங்க வீட்டுல ரூம் இருக்குமா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணுல என் புருஷன் இருந்தார்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க, எனக்குத் தெரியாது..."

"சாகல. மகள் வீட்டுக்குப் போயிருக்கார். அங்க மூச்சு விடலாம்."

நோரீனுக்கு அந்தப் பெண்மேல் பரிதாபமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்ம்மா. உங்க பசங்க கதவு தட்டறப்போ எல்வியா மோரென்டே பேரையும் சொல்வாங்களா?"

"யாருங்க அவங்க?"

"மாவட்ட வாரியத்துக்கு நிக்கறா."

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "எங்க தாள்ல மேல் பதவிக்கு நிக்கறவங்க பேர் மட்டும்தான்ங்க இருக்கு. நாங்களா எதையும் சேர்க்கக் கூடாது. ஆனா மேல ஜெயிச்சுட்டா கீழ தானா எல்லாம் நல்லா வரும்ங்க."

"அப்படியா."

"ஆமாங்க. அப்போ எத்தனை பேர்னு எழுதிக்கட்டும்? நாலு?"

"யாரையும் எழுதாதே கண்ணு" என்றாள் நோரீன்.

அந்தப் பெண் பரவாயில்லை என்றாள், நன்றி சொன்னாள், வெர்ன் சீக்கிரம் குணமாகட்டும் என்றாள். நல்ல பிள்ளைதான். பட்டியலில் அடுத்த பெயருக்குப் போக வேண்டிய அவசரம் அவள் குரலில் தெரிந்தது. அந்த அவசரம் எப்படிப்பட்டது, எவ்வளவு இனிப்பானது என்று நோரீனுக்குத் தெரியும். அதனால் அவளாகவே முதலில் தொலைபேசியை வைத்தாள்.